தில்லியில் எம்பிபிஎஸ்: வீட்டிலிருந்து போவதா, ஹாஸ்டலா, பிஜியா?

கவுன்சிலிங் முடிந்து இடம் உறுதியானதும் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் அடுத்து எழும் பேச்சு இதுதான். பிள்ளை பதினொன்றும் பன்னிரண்டும் தில்லியிலேயே படித்திருக்கும். டிடிஇஏ (தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியாகவோ கேந்திரிய வித்யாலயாவாகவோ இருக்கும். தில்லிக்கான 85 சதவீத ஒதுக்கீட்டில் மௌலானா ஆசாத், லேடி ஹார்டிங், யூசிஎம்எஸ் (யுனிவர்சிட்டி காலேஜ் ஆஃப் மெடிக்கல் சயின்சஸ்), வர்தமான் மகாவீர் ஆகிய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று கிடைத்துவிட்டது. "வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு, மெட்ரோதான் இருக்கிறதே" என்பார் அப்பா. "மெஸ் சாப்பாடு உனக்கு ஒத்துக்காதும்மா" என்பார் அம்மா. செலவையும் சாப்பாட்டையும் பார்த்து ஒரே சாயங்காலத்தில் முடிவாகிவிடும். ஆனால் அடுத்த நாலரை ஆண்டு அந்தப் பிள்ளை யாரோடு படிக்கும், யாரோடு பழகும், ஒரு பரீட்சையில் தோற்றால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் இந்த முடிவோடு சேர்ந்தே தீர்மானமாகிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இடம் கிடைத்தால் முதலாண்டு ஹாஸ்டலில் இருப்பதே நல்லது. வீடு ஒரு பக்கத்துக்கு 40 நிமிடத்துக்குள் இருந்தால் வீடும் சரிதான், ஆனால் சில ஏற்பாடுகளோடு. பிஜி, அதாவது பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

வகுப்பு உருவாகும் இடம்

மௌலானா ஆசாதில் ஒரு பேட்ச்சுக்கு 250 பேர். அத்தனை பேரும் ஒன்றுகூடுவது லெக்சர் தியேட்டரில் மட்டும்தான். அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. பழக்கம் ஏற்படுவது ரோல் நம்பர்படி பிரிக்கும் சின்னக் குழுக்களில்: டிஸெக்‌ஷன் மேசை, பிசியாலஜி பிராக்டிகல், டுட்டோரியல், இரண்டாம் ஆண்டிலிருந்து வார்டு போஸ்டிங். பெரும்பாலான கல்லூரிகளில் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில்தான் நம்பர் போடுகிறார்கள். ஆகவே அனிதாவுக்கு இன்டர்ன்ஷிப் வரை ஆதித்யாவும் ஐஷாவும்தான் துணை. இந்தக் குழுவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அதற்குள் தன் இடத்தை எப்படிப் பிடிப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

டிஸெக்‌ஷன் மேசையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஓர் உடலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், சில இடங்களில் அதற்கும் மேல். ஒருவர் கத்தி பிடிக்கிறார், ஒருவர் மேனுவலை உரக்க வாசிக்கிறார், இருவர் ஃபோர்செப்ஸால் தோலை இழுத்துப் பிடிக்கிறார்கள், மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். ஃபார்மலின் கண்ணைக் கரிக்கிறது. பல கல்லூரிகளில் கையிலிருந்துதான் ஆரம்பம். அக்குளில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்புகளைக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுக்கவே சில வகுப்புகள் போய்விடும். முன்வரிசையில் நின்றவர்களுக்கு அதற்குள் நரம்பின் வழியும் தெரிந்துவிடும், எதிரில் நிற்பவரின் ஊர், பேர், சுபாவமும் தெரிந்துவிடும். பின்வரிசைக்காரர் போனை எடுத்துவிடுவார். இரண்டு மூன்று வாரத்தில் யார் எங்கே நிற்பது என்பது இறுகிவிடும்; பிறகு அதை மாற்றுவது கஷ்டம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் வாரத்திலேயே "தினம் ஒருத்தர் வெட்டலாம், ஒருத்தர் வாசிக்கலாம், மாற்றி மாற்றிச் செய்யலாமே" என்று சொல்லி, ஒரு தாளில் எழுதி மேசைக் குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட வேண்டும். யாரும் மறுப்பதில்லை. யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தின் இன்னொரு பாதி, மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கிறது. வகுப்பு நாலு, நாலரைக்கு முடியும். பிறகு நாடகம், நடனம், விவாதம், வினாடி வினா சொசைட்டிகளின் ஒத்திகை, கூடைப்பந்து, லைப்ரரி. இரவு ஒன்பதுக்கு மேல், வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் குழு. எய்ம்ஸின் பல்ஸ், மௌலானா ஆசாதின் சினாப்ஸ் போன்ற விழாக்கள் நெருங்கினால் ஒத்திகை ராத்திரி வரை நீளும். சீனியரிடம் அறிமுகம், நோட்ஸ், எந்த எக்ஸாமினர் என்ன கேட்பார் என்ற தகவல் எல்லாம் கைமாறுவது இந்த நேரத்தில்தான். மூன்று வழிகளையும் எடைபோட வேண்டியது இந்த மாலை நேரத்தை வைத்துத்தான்.

ஹாஸ்டல்

ஹாஸ்டலின் பெரிய பலன் படிப்பு காதால் வந்துவிடுவது. எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அனாட்டமி வைவாவில் காரை எலும்பைக் கையில் கொடுத்து இது வலதா இடதா என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்து அது வராது. எந்த முனை உருண்டை, எந்த முனை தட்டை, எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் பள்ளம் என்று எலும்பைத் தன் உடம்போடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். சீனியர் ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, கட்டிலில் கிடக்கும் எலும்பை எடுத்து "எந்தப் பக்கம்டா?" என்று நாலு நாள் கேட்டால் ஐந்தாம் நாள் தானாக வரும். வீட்டில் இதைக் கேட்க ஆள் இல்லை. எலும்பு செட்டும் பெரும்பாலும் சீனியர்களிடமிருந்து கைமாறியே வருகிறது.

இரண்டாவது, தோல்வி. மருத்துவக் கல்லூரிக்கு வரும் ஒவ்வொருவரும் பள்ளியில் முதல் மூன்று இடத்தில் இருந்தவர். முதல் பார்ட் டெஸ்ட்டில் (பாடத்தின் ஒரு பகுதி முடிந்ததும் கல்லூரியில் வைக்கும் தேர்வு) நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கும்போது அது தனக்கு மட்டும் நடந்ததாக நினைப்பார். காரிடாரில் பாதிப் பேர் அதே மார்க்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே பாதி மருந்து. முதல் ப்ராஃப் பரீட்சையில் (முதலாண்டு முடிவில் வரும் பல்கலைக்கழகத் தேர்வு) தவறினால் சப்ளிமென்டரி உண்டு. அதிலும் தவறினால் ஜூனியர் பேட்ச்சோடு உட்கார வேண்டும். பேட்ச் மாறியவரைப் பழைய பேட்ச் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து யாரும் நீக்குவதில்லை, ஆனால் மெதுவாகக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஹாஸ்டலில் இருப்பவருக்கு அறைத்தோழர்களாவது மிஞ்சுவார்கள். வீட்டிலிருந்து வருபவர் மௌனமாகக் காணாமல் போய்விடுகிறார். இதைப் பெற்றோர் நிச்சயம் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி முதல் ப்ராஃபுக்கு அதிகபட்சம் நான்கு வாய்ப்பு, நான்கு ஆண்டுக்குள். அந்த நேரத்தில் துணை இல்லாமல் இருப்பது ஆபத்து. யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும்.

கெடுதல்களும் சின்னவை அல்ல. முதலில் போவது தூக்கம். இரண்டு மணிக்குப் படுத்து காலை வகுப்பைத் தவறவிடும் பழக்கம் நவம்பருக்குள் வந்துவிடும். தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. கேம்பஸுக்குள்ளேயே இருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வது விந்தையாகத் தோன்றும், ஆனால் நடக்கிறது. அடுத்தது நோய். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தில்லியில் டெங்கு காலம். புதிய பேட்ச் சேருவதும் அதே சமயத்தில்தான். சின்னம்மை வந்தால் மாடி முழுக்கப் பரவும். சின்னம்மை வராதவர், தடுப்பூசி போடாதவர் என்றால் இரண்டு டோஸ், குறைந்தது நாலு வாரம் இடைவெளியில், சேருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியும் அப்படித்தான்: 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ், முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-ஹெச்பிஎஸ் (உடலில் உருவான எதிர்ப்புச் சக்தி) அளவு பரிசோதனை. வார்டுக்குப் போகும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

ராகிங் பற்றிய பயம் நியாயமானது. முதலாண்டு மாணவர்களுக்குத் தனி பிளாக் தர வேண்டும் என்பது விதி. மருத்துவக் கல்லூரிகளுக்கென்றே 2021-இல் தனி ஒழுங்குமுறை வந்திருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். சீனியரோடு பழகுவதற்கும் ராகிங்குக்கும் கோடு எங்கே என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். எழுந்து போக முடிகிறதா என்று பார்த்தால் போதும். போக முடியாத அறை, தலை குனிந்து நிற்கச் சொல்வது, இரவில் கூப்பிட்டு அசைன்மென்ட் எழுதவைப்பது, இவை மூன்றும் ராகிங்தான். "எல்லாரும் தாண்டி வந்ததுதான்" என்று வீட்டில் சமாதானம் சொல்லாதீர்கள்.

வீடு

வீட்டின் நன்மைகளைப் பட்டியலிட வேண்டியதில்லை. தூக்கம், ரசம் சாதம், துவைத்த ஏப்ரன் (வெள்ளைக் கோட்டு). முதலாண்டில் அடிக்கடி காய்ச்சல் வருகிற பிள்ளைக்கும், தனிமை தேவைப்படுகிற பிள்ளைக்கும் வீடு நிஜமான பலம். நாங்கள் தூரத்தை மட்டும்தான் கேட்கிறோம்.

ஆர்.கே. புரத்திலிருந்து தில்ஷாத் கார்டனில் இருக்கும் யூசிஎம்எஸ்ஸுக்கு மெட்ரோவில் போக மெஜந்தா லைனில் ஏறி, ஹௌஸ் காஸில் மஞ்சள் லைன், காஷ்மீரி கேட்டில் சிவப்பு லைன் என்று இரண்டு முறை மாற வேண்டும். இரு முனையிலும் நடையும் ஆட்டோவும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் பதினெட்டு மணி நேரம். அனாட்டமியின் ஒரு பகுதியையே முடிக்கிற நேரம் இது. மெட்ரோவில் படிப்பேன் என்பார்கள். ராஜீவ் சௌக்கைத் தாண்டும் வண்டியில் காலை எட்டு மணிக்குப் புத்தகம் திறக்க இடமிருக்காது. அதே ஆர்.கே. புரம் பிள்ளைக்கு வர்தமான் மகாவீர் கிடைத்திருந்தால் கதையே வேறு. சப்தர்ஜங் மருத்துவமனை பக்கத்தில்தான், பஸ்ஸிலேயே போய்விடலாம்.

ஜனக்புரியிலிருந்து லேடி ஹார்டிங்கிற்கு நீல லைனில் ராமகிருஷ்ணா ஆசிரம் மார்க் வரை ஒரே வண்டி. மயூர் விஹாரிலிருந்து மௌலானா ஆசாதிற்கு மண்டி ஹவுஸில் மாறி தில்லி கேட்டில் இறங்கினால் கல்லூரி பக்கத்தில். மயூர் விஹாரிலிருந்து யூசிஎம்எஸ்ஸும் மோசமில்லை. பிங்க் லைனில் வெல்கம் வரை போய், சிவப்பு லைனில் தில்ஷாத் கார்டன். இந்த மூன்றும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான்.

வீடு என்று முடிவானால் ஏற்பாடுகள் இவை. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டரை வரை கல்லூரியில் இருக்க வேண்டும், எந்த இரண்டு நாள் என்று வீட்டில் முன்பே பேசி வைக்க வேண்டும். "எங்கே இருக்கே, எப்போ வருவே" என்ற போன் ஒத்திகையின் நடுவில் மூன்று தடவை வந்தால் பிள்ளை சொசைட்டியை விட்டுவிடும். சொசைட்டி ஒன்று போதும், ஆனால் முதலாண்டு ஆடிஷனிலேயே சேர வேண்டும். இரண்டாம் ஆண்டில் புதிதாக எடுப்பது அரிது. டெஸ்ட்டுக்கு முந்தைய இரவு ஹாஸ்டல் தோழி அறையில் தங்க அனுமதி உண்டா என்று வார்டனிடம் கேட்டு வையுங்கள். சில இடங்களில் உண்டு, சில இடங்களில் கிடையாது. ஏப்ரன், ஸ்டெத், ஒரு செட் உடை வைக்க ஹாஸ்டலில் இருக்கும் யாராவது ஒருவரின் அலமாரியில் ஒரு மூலை வேண்டும். பதிலுக்கு டப்பாவில் இட்லி போனால் அந்த அறையில் என்றும் வரவேற்பு உண்டு. நாலு டப்பாவாகக் கட்டிக் கொடுங்கள் அம்மா, ஒன்று போதாது.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் குடும்பத்தின் வேலைகளும் வந்து சேரும்: அத்தை வீட்டு விசேஷம், தாத்தாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், தம்பிக்குக் கணக்கு. முதலாண்டு மாணவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை உறவினர்கள் நம்புவதில்லை. பார்ட் டெஸ்ட் தேதிகளை காலண்டரில் குறித்து, அந்த வாரங்களில் விலக்குக் கொடுத்தால் போதும்.

பிஜி

ஹாஸ்டலும் கிடைக்கவில்லை, வீடும் தூரம் என்றால் பிஜி. எய்ம்ஸ் அருகே கௌதம் நகரில் நிறைய உண்டு, ஆனால் அங்கே தங்குபவர்கள் பெரும்பாலும் மேற்படிப்புக்கான நீட்-பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் டாக்டர்கள். காலை முதல் இரவு வரை கதவைச் சாத்திப் படிக்கும் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு நடுவில் பதினெட்டு வயதுப் பிள்ளை பேச்சுத் துணையே இல்லாமல் போய்விடும். லேடி ஹார்டிங் பக்கம் கரோல் பாக், ராஜேந்திர நகர் என்றால் அங்கே யூபிஎஸ்சி கூட்டம். பிஜியில் ஹாஸ்டலின் செலவு மிச்சமும் இல்லை, வீட்டின் கவனிப்பும் இல்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் சொந்த பேட்ச்சில் இரண்டு பேரோடு சேர்ந்து, கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடைக்குள் எடுங்கள். ஹாஸ்டல் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கட்டும். முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் தராதீர்கள். பட்டியல் நகர்ந்ததும் காலி செய்ய வேண்டியிருக்கும்.

கல்லூரிக்குக் கல்லூரி

எய்ம்ஸில் கேள்வியே இல்லை, அது ஹாஸ்டல் கல்லூரி. பேட்ச் நூற்றுச் சொச்சம் பேர். ஒரு வருடத்தில் அத்தனை பேர் முகமும் பெயரும் தெரியும். சின்ன பேட்ச்சில் ஒரு மனஸ்தாபம் வந்தால் ஒதுங்க இடமில்லை என்பது அதன் மறுபக்கம். மௌலானா ஆசாதில் தனக்கேற்ற கூட்டம் எங்காவது இருக்கும். தேடிப் போக வேண்டும், தானாக வராது.

1916-இல் தொடங்கிய லேடி ஹார்டிங் பெண்களுக்கு மட்டுமானது. கோ-எட் கல்லூரிகளில் மேடை நிர்வாகம், ஸ்பான்சர் பிடிப்பது, விளையாட்டுச் செயலர் பதவி எல்லாம் பையன்கள் பக்கமே சாய்ந்துவிடும். இங்கே அத்தனையும் பெண்களே செய்கிறார்கள். "பெண்கள் கல்லூரியில் வெளியுலகம் தெரியாமல் போய்விடும்" என்று தயங்கும் பெற்றோர் அங்கே ஒரு விழா ஏற்பாட்டைப் போய்ப் பார்க்கட்டும். பல கோ-எட் கல்லூரிகளில் பெண்கள் ஹாஸ்டலின் கேட் பையன்களுடையதற்கு முன்பே மூடிவிடுகிறது. உங்கள் மகளுக்கு அந்த நேரம் என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒத்திகையும் லைப்ரரியும் அந்த நேரத்தில்தான் முறிகின்றன.

கூட்டம் பிரியும் விதம்

முதல் வாரத்தில் பிள்ளைகள் கோச்சிங் சென்டர்படி சேர்கிறார்கள், பிறகு மொழிப்படி. தமிழ்ப் பிள்ளைகளும் அப்படியே. நாலு தமிழர் ஒன்றாகச் சாப்பிடுவது நல்லதுதான், ஆனால் அறைத்தோழராகவும் தமிழரையே கேட்டு வாங்காதீர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் நேராகத் தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இது இன்னும் முக்கியம். இரண்டாம் ஆண்டு வார்டில் நோயாளி கப்ராஹட் என்பார், ஸான்ஸ் ஃபூல்தி ஹை என்பார். படபடப்பு, மூச்சிரைப்பு என்று உடனே பிடிபட வேண்டும். சேர்ந்ததும் நடக்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்ற அறிமுக வகுப்பில் உள்ளூர் மொழி வகுப்பு இருக்கிறது, ஆனால் அந்தச் சில மணி நேரம் காணாது. இந்தி பேசும் அறைத்தோழர்தான் உண்மையான வகுப்பு.

சொல்லத் தயங்கும் ஒன்று, "உன் ரேங்க் என்ன?" என்ற கேள்வி. பல நேரம் அது சாதியைக் கேட்கும் வழி. எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை விசாரித்த தோரட் குழு, ஹாஸ்டலிலேயே அவர்கள் ஒதுக்கப்பட்டதை 2007-இல் பதிவு செய்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கேட்பவரை அங்கேயே நிறுத்துவது பக்கத்தில் நிற்பவரின் கடமை. கல்லூரியின் எஸ்சி/எஸ்டி செல் யார் கையில் இருக்கிறது என்பதைச் சேர்ந்த வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

தில்லி முகவரி உள்ளவர்களுக்கு ஹாஸ்டல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்தபின் மிச்சத்தைத் தூரம் பார்த்துக் கொடுப்பார்கள். ஆகவே முடிவு எதுவானாலும் சேரும் நாளிலேயே ஹாஸ்டல் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். முகவரிச் சான்றோடு மெட்ரோ வழியும் பயண நேரமும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள். மூன்றாம் சுற்று கவுன்சிலிங்குக்குப் பிறகு பலர் கல்லூரி மாறிப்போவார்கள், கட்டில்கள் காலியாகும். அந்த வாரம் ஹாஸ்டல் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பவருக்கே அவை கிடைக்கின்றன.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் இதை மறுபடி யோசியுங்கள். முதல் ப்ராஃப் முடிந்து, மேசைக் குழுவும் சொசைட்டியும் அமைந்தபின் வீட்டுக்குத் திரும்புவதில் நஷ்டம் குறைவு. கடைசி ஆண்டில் பிரசவ அறை, எமர்ஜென்சி இரவு டூட்டிகள் தொடங்கும்போது கேம்பஸ் பக்கத்தில் கட்டில் மறுபடி தேவைப்படும். முதலாண்டு அறையைக் காலி செய்யும்போதே, பிறகு திரும்ப வர விதி இடம் தருகிறதா என்று வார்டனிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.